காசு கட்டி மண் வெட்டப் போகலாமா?

கேள்வி: மலைப்பாதை பராமரிக்கும் தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். இரவு ஆற்றங்கரையில் கூடாரத்தில் தங்க வேண்டுமாம். வீட்டில் சிரிக்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். வீட்டில் என்ன சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "மொட்டைமாடியைப் பெருக்கச் சொன்னா இடுப்பு வலி, அங்க போய் கடப்பாரை பிடிப்பியா?" என்று நான் இப்படி ஒரு பயிற்சிக்குக் கிளம்பியபோது எங்கம்மா கேட்டார்.

நாங்கள் தங்கியது ஊத்துக்கோட்டைப் பக்கம், ஆரணியாற்றை ஒட்டிய மாந்தோப்பில். பட்டா நிலம், உரிமையாளரிடம் கேட்டுத்தான் தங்கினோம். மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு, மலைக்குப் போகிறவன் என்றாலே பொறுப்பில்லாதவன் என்று திட்ட ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

போனதும் எல்லாரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடினார்கள். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் கரையோர மரத்தைக் காட்டினார். தலைக்கு மேலே ஒரு கிளையில் வைக்கோலும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொண்டு தொங்கின. வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. இங்கே சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆறு வந்துவிடும். மறுபேச்சில்லாமல் மேட்டுக்கு மாறினோம்.

வேலை பக்கத்துக் குன்றுப் பாதையில். புதர் வெட்டுவதுதான் வேலை என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்டு, உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், மண்ணுக்குள் தோண்டி வேரோடு சேர்த்து வெட்ட வேண்டும். ஆனால் பெரும்பாடு தண்ணீரோடுதான். பாதை வழியே தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அடுத்த மழைக்குப் பாதையே ஓடை. அதனால் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சரிவு வைக்கிறோம், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல. செங்குத்தான இடங்களில் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்து தண்ணீரை வெளியே திருப்புகிறோம். கல்லில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். நான் பதித்த கல்லின் மேல் ஏறி நின்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியாளர் அடுத்த கல்லுக்கு விட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வேளச்சேரியில் எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமலே அதன்மேல் புது ரோடு போட்டு, போட்டு, இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் சாக்கடை ஹாலுக்கு வருகிறது. சம்பளமில்லாமல் குன்றில் கல் பதிக்கிறவன் பார்க்கும் தண்ணீர் வாட்டத்தை, காசு வாங்குகிற ஒப்பந்தக்காரர் பார்க்க மாட்டாரா? கேட்டால் "மேலிடத்துல கேளுங்க சார்".

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழிப்பறை இருக்காது, ஆற்றிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி மூட வேண்டும், அதற்குச் சின்ன கொத்துக்கரண்டி போதும். கொசுவத்தியை நம்பாதீர்கள், கை கால் மூடிய சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை தோலில் வாங்குங்கள். துணிக் கையுறை மதியச் சாப்பாட்டுக்குள் கிழிந்துவிடும்.