மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்குத் தனி பெயின்ட் தேவையா?

கேள்வி: மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கண்ணாடி மீன் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறோம். பின்பக்கத்தில் படத்தாள் ஒட்டுவதற்குப் பதிலாகக் கறுப்பு வண்ணம் பூச விரும்புகிறோம். சாதாரண பெயின்ட் பூசினால் மீன்கள் இறந்துவிடும் என்று கூறும் கடைக்காரர், ‘மீன் தொட்டிக்கான பெயின்ட்’ என்று ஒரு டப்பாவை மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார். அதில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, அளவும் இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வண்ணத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில்தான் பூசப்போகிறீர்கள். இடையில் முழுக் கண்ணாடி இருக்கும்போது, காய்ந்த பெயின்டுக்கும் தண்ணீருக்கும் எந்தத் தொடர்பும் ஏற்படாது. உட்புறம் பூசுவது முற்றிலும் வேறு விஷயம். சுவருக்கான பெயின்டுகளில், குறிப்பாக வெளிச்சுவருக்கானவற்றில், பாசியையும் பூஞ்சையையும் தடுக்கும் இரசாயனங்கள் கலந்திருக்கும் என்பதால், அவற்றை எக்காரணம் கொண்டும் உள்ளே பூசக் கூடாது.

வீட்டின் உட்சுவருக்குப் பூசும், நீரில் கரையும் கறுப்பு எமல்ஷன் போதுமானது. உங்கள் தொட்டியின் பின்பக்கப் பரப்பு நாலரைச் சதுர அடிதான். மூன்று பூச்சுக்கும் சேர்த்து 200 மில்லி தாராளம். சிறிய டப்பா கிடைக்காவிட்டால் கைவினைப் பொருள் கடையில் விற்கும் அக்ரிலிக் வண்ணம் வாங்கலாம். சுண்ணாம்பில் கலக்கும் கறுப்பு ஸ்டெயினரை, விலை குறைவு என்பதற்காக, அப்படியே பூசிவிடாதீர்கள். அது நிறமூட்டியே தவிர பெயின்ட் அல்ல, கண்ணாடியில் சரியாகப் பற்றாது. எனாமல் நன்றாகப் பிடிக்கும் என்றாலும் அதன் நெடி பல நாள் நீடிக்கும், பின்னாளில் அகற்றுவதும் கடினம்.

படத்தாளைவிட வண்ணம் மேல் என்பதே என் கருத்தும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று இருப்பதால், சற்றே பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலப் பளபளக்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் கசிந்து காய்ந்தால் வெள்ளைத் திட்டுகளும் படியும். கண்ணாடியோடு ஒட்டிக் காயும் வண்ணத்தில் இவ்விரண்டு தொல்லைகளும் இல்லை. கறுப்புப் பின்னணியில் நியான் டெட்ராவும் தங்கமீனும் எடுப்பாகத் தெரியும், குழாயும் ஒயரும் மறையும். (கறுப்பு மோலி வளர்ப்பதாக இருந்தால் நீலத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் மீனைத் தேட வேண்டியிருக்கும்.)

கண்ணாடியில் விரல்ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பெயின்ட் திட்டுத்திட்டாக உரியும் என்பதால், முதலில் வினிகரால் துடைத்து நன்கு உலரவிடுங்கள். ஓரங்களிலும் கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கான் பசையின் மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நுரை ரோலரால் மெல்லிய பூச்சாக, ஒன்று முழுதும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். முதல் பூச்சு கோடுகோடாகத் தெரிந்தாலும், அதை மறைக்கத் தடிமனாக அப்பக் கூடாது.

அந்தப் பெயரில்லா டப்பாவைப் பற்றி ஒரு சொல். பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. இவை இல்லாத டப்பாவைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை.

கேள்வி: எங்கள் தொட்டியில் ஏற்கெனவே தண்ணீரும் மீன்களும் உள்ளன. அப்படியே சற்று நகர்த்திப் பூசலாமா?

பதில்: கூடாது. உங்கள் தொட்டியும் முதல் வாசகரின் தொட்டி அளவு இருந்தால், தண்ணீர் மட்டுமே சுமார் 125 கிலோ இருக்கும். நகர்த்தினால் இணைப்புகள் விட்டுப்போகலாம். மீன்களை வேறு அறைக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து பூசுங்கள். மீன்கள் அதே அறையில் இருந்தால், காற்றுக் குழாய் பெயின்ட் நெடியையும் தண்ணீருக்குள் இழுத்துவிடும். மீன்களை மாற்ற வசதியில்லை என்றால், கறுப்பு அட்டையைப் பின்னால் வைத்து இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

கேள்வி: பூசிய வண்ணம் பிடிக்காவிட்டால் எடுக்க முடியுமா?

பதில்: எமல்ஷன் என்றால் ஈரத்துணியை ஒட்டி ஊறவிட்டு, பிளேடைச் சாய்த்துச் சுரண்டினால் தோலாக உரிந்து வரும். ஆனால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் பிளேடையோ தின்னரையோ அருகில் கொண்டுசெல்லக் கூடாது. முன்னது கீறிவிடும், பின்னது பரப்பை மங்கலாக்கிவிடும்.