மைனர் லீக்கில் ஹோம் ரன்களாக அடித்துத் தள்ளும் பையன் மேஜர் லீக்கில் தேறுவானா?

கேள்வி: "ஹை-ஏ நிலையில் ஆடும் 22 வயது பேஸ்பால் வீரர் ஒருவர் ஹோம் ரன்களாக அடிக்கிறார். ஆனால் மூன்று முறை பேட் பிடிக்க வந்தால் ஒரு முறை ஸ்ட்ரைக் அவுட். இவர் மேஜர் லீக்கில் தேறுவாரா என்று எப்படிக் கணிப்பது?"

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹை-ஏ என்பது மேஜர் லீக்குக்கு மூன்று படி கீழே உள்ள மைனர் லீக் நிலை, அதற்கு மேல் டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக் அவுட். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் ஃபேன்டசி லீக், அதாவது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் போட்டி, ஆடுகிறவர் என்று நினைக்கிறேன். இந்தப் பையனை ஏற்கெனவே எடுத்தாயிற்று, விடவும் மனசில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். எப்படியிருந்தாலும் என் பதில் ஒன்றுதான். ஹோம் ரன் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். எந்தப் பந்தை அவன் அடிக்காமல் விடுகிறான் என்பதை முதலில் பாருங்கள்.

நான் ஸ்கவுட் (அணிகளுக்காக வீரர்களைப் பார்த்து மதிப்பிடுகிறவர்) இல்லை, எந்த அணியிலும் வேலை பார்க்கவில்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருக்கும் சாஃப்ட்வேர் ஆள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பாலைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் வருவார்கள், வரட்டும். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் டபுள்-ஏ அணியான ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸின் மைதானம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன், சும்மா பாப்கார்ன் சாப்பிட இல்லை. பந்துக்குப் பந்து பார்ப்பேன். மேஜர் லீக் ஆட்டத்தில் எங்கோ மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பார்ப்பதைவிட இங்கே ஒரு பேட்டரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம். இந்த மைதானத்தில் பிட்சர்கள் (பந்து போடுகிறவர்கள்) போட்டுப் பழகும் புல்பென் பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. அடுத்து வரப்போகிற பிட்சர் எந்தப் பந்தைப் போட்டுப் பழகுகிறான் என்று பக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

2014 கோடையில் ஜோயி கேலோ என்ற பேட்டர் இங்கே வந்தான். அப்போது அவனுக்கு 20 வயது. முந்தைய வருஷம் ஹிக்கரி என்ற கீழ்நிலை அணிக்கு மட்டும் 38 ஹோம் ரன், மற்றதையும் சேர்த்தால் 40. 2014 தொடக்கத்தில் மர்டில் பீச்சில், அதாவது நீங்கள் சொல்லும் அதே ஹை-ஏ நிலையில், 58 ஆட்டத்தில் 21 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .323, அதாவது ஆயிரம் முறைக்கு 323 ஹிட் என்ற விகிதம். அந்த மைதானம் பேட்டர்களுக்குச் சாதகமானதும் இல்லை. அதனால்தான் அவன் ஃபிரிஸ்கோவுக்கு வருகிறான் என்றதும் ஊரில் அப்படி ஒரு பேச்சு.

ஆட்டத்துக்கு முன்னால் பேட்டிங் பயிற்சியின்போதே போய்விடுவேன். அவன் அடிக்கும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கூண்டுக்குள் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. கேலோவின் பலத்துக்கு 80 போட்டார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் கதை வேறு. அவன் இடது கை பேட்டர். டபுள்-ஏ பிட்சர்களுக்கு அவனை எப்படி மடக்குவது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டு ஸ்ட்ரைக் எடுத்துவிட்டு, நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஃபாஸ்ட்பால். மட்டை கீழிருந்து மேலே வளைந்து வருவதால் பந்துக்கு அடியிலேயே போய்விடும். அடுத்த முறை அதே உயரத்தை எதிர்பார்த்து நிற்பான், பின்னங்கால் பக்கம் வளைந்து இறங்கும் ஒரு ஸ்லைடர் விழும். மறுபடியும் அவுட். 68 ஆட்டத்தில் 115 ஸ்ட்ரைக் அவுட், சராசரி .232. அதே 68 ஆட்டத்தில் இன்னொரு 21 ஹோம் ரன்னும் அடித்தான்.

வார இறுதியில் சேர்ந்து கிரிக்கெட் ஆடும் எங்கள் கும்பலில் அப்போது இரண்டு கட்சி. இவன்தான் அடுத்த பெரிய ஆள் என்று பாதிப் பேர். இத்தனை முறை அவுட் ஆகிறவன் எங்கே உருப்படப் போகிறான் என்று மீதிப் பேர். நான் சொன்னது இரண்டும் இல்லை. சராசரி பரிதாபமாகத்தான் இருக்கும், ஸ்ட்ரைக் அவுட் கொட்டும், ஆனாலும் மேஜர் லீக்கில் வருஷக்கணக்கில் ஆடுவான் என்றேன். காரணம், அவன் விட்ட பந்துகள். ஸ்ட்ரைக் கட்டத்துக்கு, அதாவது அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் என்று எண்ணப்படும் பகுதிக்கு, வெளியே ஒரு சாண் தள்ளி விழும் பந்தைப் பெரும்பாலும் அவன் துரத்தவில்லை. முழங்கையை மடக்கிக்கொண்டு அப்படியே விட்டுவிடுவான். ஓட்டை எல்லாம் கட்டத்துக்கு உள்ளேதான் இருந்தது, மேல்பக்கம்.

இந்த வித்தியாசத்தை யாராவது உங்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை. ஸ்ட்ரைக் அவுட் எல்லாம் ஒரே ஸ்ட்ரைக் அவுட் இல்லை. கட்டத்துக்குள் வரும் பந்தைத் தவறவிடுகிறவனிடம் பிட்சர் தைரியமாகக் கட்டத்துக்குள் போட்டாக வேண்டும், போட்டால் என்றைக்காவது ஒன்று மாட்டும், மாட்டினால் வேலிக்கு வெளியே. மாட்டாத நாளிலும் கட்டத்துக்கு வெளியே நான்கு பந்து (பால்) வாங்கி, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய்விடுவான், அதுதான் வாக். வெளியே போகும் பந்தைத் துரத்துகிறவனுக்கு அந்தப் பந்தே போதும். அவனுக்கு யாரும் நல்ல பந்து போடவே மாட்டார்கள். ஆளைச் சுற்றி வலை கட்டின மாதிரி ஆகிவிடும்.

கேலோவுக்கு என்ன ஆனது? 2014-இல் மைனர் லீக் இளம் வீரர்களுக்கான ஃப்யூச்சர்ஸ் கேமில் ஹோம் ரன் அடித்து ஆட்ட நாயகன் ஆனான். 2015 ஜூன் 2 ரேஞ்சர்ஸுக்காக முதல் ஆட்டம், நான்கில் மூன்று ஹிட், ஒரு ஹோம் ரன். அப்புறம் பிட்சர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 2016-இல் மேஜர் லீக்கில் 25 அட்-பேட்டில் (பேட் பிடித்த வாய்ப்பில்) ஒரே ஒரு ஹிட், அதுவும் ஹோம் ரன், மீதியில் 19 ஸ்ட்ரைக் அவுட். அன்றைக்கு எனக்கு வந்த கிண்டல் மெசேஜ்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2017-இல் 41 ஹோம் ரன், 2018-இல் 40. சராசரி .209, .206. 2018-இல் மட்டும் 207 ஸ்ட்ரைக் அவுட். 2019-இல் நூறாவது ஹோம் ரன் அடித்தபோது அவனிடம் நூறு சிங்கிள்கூட (ஒரு பேஸ் மட்டும் போகும் ஹிட்) இல்லை, மேஜர் லீக் வரலாற்றில் அதற்கு முன் அப்படி யாரும் இல்லை. 2021-இல் 213 ஸ்ட்ரைக் அவுட், கூடவே 111 வாக், அமெரிக்கன் லீக்கிலேயே அதிகம். இரண்டு முறை ஆல்-ஸ்டார், 2020, 2021 இரண்டு வருஷமும் அவுட்ஃபீல்டில் ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருது. 2024 வரை மொத்தம் 208 ஹோம் ரன்.

இவனைத் தோல்வி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. .200 சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். நியூயார்க் போனபிறகு தடுமாறினான், மறுக்கவில்லை. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 39-ஆவதாக எடுக்கப்பட்ட ஒரு பையன் 208 ஹோம் ரன் அடித்துவிட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

எதிர்ப்பக்கம் பிராண்டன் வுட். ஏஞ்சல்ஸ் 2003-இல் முதல் சுற்றில் எடுத்த பையன். 2005-இல் ரேஞ்சோ குக்கமோங்காவில், அப்போது ஹை-ஏ நிலையில் இருந்த கலிஃபோர்னியா லீக்கில், 20 வயதில் 43 ஹோம் ரன். அந்த இலையுதிர் காலத்தில் அரிசோனா ஃபால் லீக்கில் இன்னும் 14. கேலோவைவிடப் பேர் வாங்கியவன், சராசரியும் நன்றாக இருந்தது. மேஜர் லீக்கில் மொத்தமே 18 ஹோம் ரன், சராசரி .186. 2010-இல் அவனுக்கு நிரந்தர இடம் கொடுத்துப் பார்த்தார்கள். 71 ஸ்ட்ரைக் அவுட், வாக் வெறும் 6. கேலோவின் 111-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டங்களின் எண்ணிக்கை வேறு என்று சொல்வீர்கள், சரி, விகிதம் போட்டாலும் ஒட்டவே ஒட்டாது.

மைதானமும் லீக்கும் முக்கியம், ஆனால் இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கலிஃபோர்னியா லீக்கில் லான்காஸ்டர் போன்ற இடங்களில் காற்றே பந்தை வெளியே கொண்டுபோய்விடும். ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல். அங்கே 2008-இல் டல்லஸ் மெக்ஃபெர்சன் 42 ஹோம் ரன் அடித்தார், மேஜர் லீக்கில் அவர் கணக்கும் 18-தான். அதனால் சொந்த மைதானத்தில் எத்தனை, வெளியே போய் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள்.

வயது. இதில்தான் உங்கள் பையனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஹை-ஏ நிலையில் 22 என்பது சாதாரண வயது. கேலோ 20 வயதில் டபுள்-ஏவில் ஆடியபோது எதிரே போட்டவர்கள் பெரும்பாலும் அவனைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள். தன் வயதுக்காரர்களிடமே மூன்றில் ஒரு முறை அவுட் ஆகிறவனுக்கு மேலே போகப் போகக் கஷ்டம் கூடும். ஆனால் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவனா, பள்ளியிலிருந்து நேராக வந்தவனா என்று நீங்கள் சொல்லவில்லை. கல்லூரிப் பையன் என்றால் இது தொழில்முறையில் அவனுடைய முதல் முழு சீசனாக இருக்கலாம், அப்போது கணக்கு கொஞ்சம் மாறும்.

நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். 2016-இல் மேஜர் லீக்குக்கு வந்து 84 அட்-பேட்டில் 42 ஸ்ட்ரைக் அவுட், சராசரி .179. அடுத்த வருஷம் 52 ஹோம் ரன், 127 வாக். இடைப்பட்ட குளிர்காலத்தில் அடிக்கும் முறையை மாற்றிக்கொண்டு வந்தார். அதனால் ஒரு மோசமான மாதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே பேட்டரை சீசன் ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை பாருங்கள். ஏப்ரலில் அவனை அவுட் ஆக்கிய அதே பந்து ஆகஸ்டிலும் ஆக்குகிறதா? எண்களில் இது தெரியவே தெரியாது, வீடியோவிலாவது பார்க்க வேண்டும்.

எண்களை நான் ஒதுக்கவில்லை. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் கிடைத்தால் பாருங்கள், மணிக்கு 95 மைலைத் தாண்டினாலே பலமான அடி என்று கணக்கு. 110-ஐத் தாண்டி அடிக்கடி அடிக்கிறான் என்றால் பலம் உண்மையானது, மைதானத்தின் தயவு இல்லை. ட்ரிபிள்-ஏவில் இந்தக் கணக்கு இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது, ஹை-ஏவுக்கு அந்த அளவுக்கு இல்லை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பையன்களை நாம் பங்குச் சந்தைச் சரக்கு மாதிரி வாங்கி விற்கிறோம். 2020 வரை கிளாஸ்-ஏ வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும், ஓவர்டைம் வேண்டாம் என்று 2018-இல் நாடாளுமன்றத்திலேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். கேலோவுக்கு ஒப்பந்தப் பணமாக 22.5 லட்சம் டாலர் கிடைத்தது, அவனுக்குக் கவலை இல்லை. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவன் என்ன செய்வான்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சீசன் முழுக்க ஒரு பிட்சரைத் தங்கள் வீட்டில் இலவசமாகத் தங்க வைத்திருந்தது. இரவு பத்தரைக்கு ஆட்டம் முடிந்து வந்து, அடுப்படியில் நின்றபடியே மிச்சமிருக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுவானாம். 2022-இல் சங்கம் சேர்ந்து, 2023-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஹை-ஏ வீரருக்கு வருஷத்துக்கு 27,300 டாலர், டபுள்-ஏவுக்கு 30,250 என்று ஆனது. ஒருவன் முன்னேறவில்லை என்று எழுதுவதற்கு முன், அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்றும் யோசிக்க வேண்டும். பேட் வேகம் கூடவில்லையாம், எப்படிக் கூடும்? இதைச் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பார்கள். இருக்கட்டும்.

சரி, உங்கள் பையன். இன்னும் விற்காதீர்கள். அவன் வாக் விகிதத்தைப் பாருங்கள், நூற்றுக்குப் பன்னிரண்டை ஒட்டி இருந்தால் வைத்திருங்கள், ஐந்து ஆறு என்றால் இப்போது பெயர் இருக்கும்போதே நல்ல விலைக்கு மாற்றிவிடுங்கள். இது என் சொந்தக் கோடு, எந்த ஆராய்ச்சியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் டபுள்-ஏவில் இரண்டு மாதம் ஆடும்வரை பொறுங்கள், ஏனென்றால் பிரேக்கிங் பாலை (வளையும் பந்தை) நினைத்த இடத்தில் போடுகிற பிட்சர்களை ஒரு பேட்டர் தினமும் பார்ப்பது அங்கேதான். அப்புறம் அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்றும் எழுதுங்கள். முதல் பேஸ் மட்டும்தான் தெரியும் என்றால் அவன் பேட் மட்டுமே அவனைக் காப்பாற்ற வேண்டும். கேலோ மாதிரி அவுட்ஃபீல்டிலும் ஓடிப் பிடித்து எறிகிறவன் என்றால் .210 சராசரியோடுகூட ஒரு அணி அவனுக்கு இடம் கொடுக்கும்.