மழைச்சட்டையும் கூடைக்கயிறும்

அன்பின் அக்கா,

ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். தேயிலைத் தோட்டப் பெண்களுக்கான திட்டங்களை முடிவு செய்யும் எங்கள் நிர்வாகக் குழுவில் அந்தப் பெண்களில் இருவரைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டேன். "அவர்களுக்கு வரவு செலவுக் கணக்கு விளங்காது, வந்தாலும் பேசமாட்டார்கள்" என்றார்கள். ஒருமுறை அழைத்துப் பார்த்தோம். உண்மையிலேயே இருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டது பிழையா?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

பிழையே இல்லை. கூட்டத்தை எப்போது வைத்தீர்கள்? வார நாளில் காலை பத்து மணிக்கு என்றால், இருவரும் அன்றைய பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, இழந்துவிட்டு வந்திருக்கிறார்கள். மேசையில் இருந்த தாள்கள் எந்த மொழியில் இருந்தன? இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவுகிறவர்களின் முகத்துக்கு நேரே, "நீங்கள் செய்தது சரியில்லை" என்று எந்தத் தாய் சொல்வாள்? அடுத்த வருடம் பட்டியலில் தன் பிள்ளையின் பெயர் இருக்குமோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். அந்த மௌனத்தை அறியாமை என்று எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் பாடசாலைப் பிள்ளையாக இருந்தபோது பொகவந்தலாவைப் பக்கம் நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒரு நிறுவனம் மழைச்சட்டை கொண்டுவந்து கொடுத்தது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், துணியும் நல்லது. ஆனால் கொழுந்துக்கூடையின் கயிறு தலையில்தான் மாட்டப்படும் என்பதைத் தைத்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தலைமூடியின் மேல் கயிறு வழுக்கியது. மூடியைப் பின்னால் தள்ளினால் மழை கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. பொத்தான்களைத் தேயிலைச் செடியின் வாது, அதன் கிளை, பிடித்து இழுத்தது. இரண்டே வாரத்தில் அம்மா அதைக் கத்தரித்து செடி உரசாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்காகக் கட்டிக்கொண்டார். மீதித் துண்டு கூரைத் தகரத்து ஓட்டையை அடைக்கப் போயிற்று. அம்மாவிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால், எங்கே வெட்டவேண்டும், எங்கே முடிச்சுப் போடவேண்டும் என்று விரலால் காட்டியிருப்பார்.

கணக்கு விளங்காது என்றார்களாமே. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் மாதம் முழுவதும் எடுத்த கிலோவை மனதில் வைத்திருந்து, சம்பள நாளில் எத்தனை கிலோ குறைகிறது என்று கணக்கப்பிள்ளையிடம் நின்று கேட்பார். லயத்தில் சீட்டுப் பிடிக்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுப்பது இந்த மலையில் பழைய வழக்கம். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த எங்கள் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எண்ணிக்கை முடிவானது. எங்கள் தாத்தா அந்தத் தொகைக்குள் ஒருவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அரசாங்கங்கள் செய்ததையும் உங்கள் நிறுவனம் செய்வதையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனாலும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் பெண்களை வரிசையாக நிறுத்திப் பயனாளிகள் என்று படம் பிடிக்கும்போது எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வருகிறது.

பணம் தருபவர்களுக்குத் திட்டத்தை எழுதி அனுப்புவதற்கு முன்பே பெண்களிடம் போங்கள். பணம் வந்தபிறகு கேட்டால் மாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது. கொழுந்து நிறுத்து முடிந்தபின் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூடுங்கள். பகலில் அழைத்தால் ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் திட்டச் செலவிலேயே எழுதிவிடுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் "இரண்டு பேரை அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள், அவருக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள். பெண்களே கூடித் தெரிவு செய்யட்டும். பத்துப் பேர் நடுவில் இருவர் போதாது, நால்வராவது வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வேலை நிற்கவேண்டும், இதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் எழுதி வையுங்கள். உங்கள் குழு மறுக்கப்போவது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாததும் இதுதான்.

முதலில், அன்று பேசாமல் இருந்துவிட்டுப் போன அந்த இருவரின் வீட்டுக்கும் ஒரு மாலை தனியாகப் போங்கள். கையில் தாள் எதுவும் வேண்டாம். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா