புதைத்தவனிடம் சில கேள்விகள்

ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். வெடி புதைத்திருக்கிறேன், தோண்டி எடுத்தும் இருக்கிறேன். இப்போது கணியம்பாடிப் பக்கம் மல்லாட்டை போடுகிறேன். ஆனாலும் யாருக்கு வெடி பற்றிச் சந்தேகம் வந்தாலும் ஊரார் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அப்படி வந்தவற்றில் சில.

"எங்கட காணி முகமாலைப் பக்கம். வெடி எல்லாம் எடுத்தாச்சு எண்டு அண்ணா சொல்லுறார். நம்பிப் போகலாமோ? இஞ்ச எல்லாரும் கண்ணிவெடி எண்டு சொல்லீனம், நாங்கள் மிதிவெடி எண்டுதான் சொல்லுறது. ரெண்டும் ஒண்டோ?"
*வாசகி, மேல்மொணவூர் மறுவாழ்வு முகாம்*

முதலில் சொல்லைப் பார்ப்போம் அம்மா. இந்தப் பக்கம் நாங்கள் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். உங்கள் சொல்தான் துல்லியம். 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த உடன்படிக்கை தடை செய்வது மிதிவெடியைத்தான். அதாவது ஆளின் கால் பட்டோ கை பட்டோ தானாக வெடிப்பதை. டாங்கிக்கு வைக்கும் வெடி அதில் வராது. மறைந்திருந்து ஒருவர் பொத்தானை அழுத்தி வெடிக்க வைப்பதும் வராது. வெடிக்கும் நேரத்தில் எதிரே யார் என்று பார்த்து முடிவெடுக்க ஒரு மனிதன் இருக்கிறானா என்பதுதான் வித்தியாசம். படைவீரனையும் பொதுமக்களையும் பிரித்துப் பார் என்பது போர்ச் சட்டத்தின் அடிப்படை விதி. மிதிவெடிக்கு அது முடியாது. சில ரகங்களில் 30 கிராம் வெடிமருந்துகூட இருக்காது, ஆனால் ஒரு பிள்ளையின் பாதம் போதும்.

முகமாலை பல வருஷம் போர்முனையாகக் கிடந்த இடம். இலங்கை ராணுவம் வைத்த பாகிஸ்தான் தயாரிப்பான பி4 பிளாஸ்டிக் வெடியும், புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி என்ற மிதிவெடியும் அங்கே கிடந்தன. பிளாஸ்டிக்கில் உலோகம் துளிதான், உலோகம் தேடும் கருவி லேசில் கத்தாது. அதனால் இலங்கையில் முள்வாரியால் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் பெண்கள் நிறைய, போரில் கணவனை இழந்தவர்களும் உண்டு. முட்டி போட்டு, முகக்கவசத்துக்குள் வேர்த்து ஒழுக, ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர். நானும் அந்த வேலை செய்தவன்தான். அந்த வெயிலில் அந்தப் பொறுமை எனக்கு வராது.

இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன் 1. அதனால் "எடுத்தாச்சு" என்று அண்ணா சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். சுத்தம் செய்த நிலத்தை எழுத்தில்தான் கையளிப்பார்கள். உங்கள் காணி அதில் வந்துவிட்டதா என்று பச்சிலைப்பள்ளி பிரதேச செயலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். சிவப்புப் பலகையோ சிவப்புக் கட்டையோ இருக்கிற இடத்தில் தாத்தா நட்ட பனை தெரிகிறதே என்று குறுக்கே இறங்க வேண்டாம்.

"இந்தியா ஏன் கையெழுத்துப் போடவில்லை? போட வேண்டுமா? அப்பா, சித்தப்பா எல்லாரும் எல்லையில் இருந்தவர்கள். வீட்டில் கேட்டால் சண்டைதான் வருகிறது."
*கல்லூரி மாணவர், கம்மவான்பேட்டை*

வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் இருக்கிற ஊரில் இதைக் கேட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்!

நீண்ட எல்லை, ஊடுருவல், கையில் வேறு மாற்று இல்லை: அரசு சொல்லும் காரணம் இதுதான். மிதிவெடி கடைசியில் ஒழிய வேண்டும் என்பதை இந்தியாவும் கொள்கையாக ஏற்கிறது. உடன்படிக்கைக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போகிறது. ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருக்கிறது. மரபு ஆயுதங்கள் குறித்த வேறொரு ஒப்பந்தத்தின் திருத்திய நெறிமுறையில் சேர்ந்திருக்கிறது. கருவிக்கு அகப்படும்படி 8 கிராம் இரும்புக்கு ஈடான உலோகம் வேண்டும், வேலி கட்ட வேண்டும், பதிவு வைக்க வேண்டும் என்பது அந்த விதி. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளும் ஒட்டாவாவுக்கு வெளியேதான் நிற்கின்றன.

என் கருத்து வேறு. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை முழுக்கப் படை குவிந்தது. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் விளைநிலத்தில்கூட வெடி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் அளவு எடுத்துப் படத்தில் குறித்தோம், அதில் குறையே சொல்ல முடியாது. அடுத்த வருஷம் எடுக்கப் போனால் மணல் நகர்ந்திருந்தது. ஒரு வரிசையில் படம் பத்து என்றது, கைக்கு ஒன்பதுதான் வந்தது. மூன்று நாள் தேடினோம். கடைசியில் பதிவேட்டில் 'மிஸ்ஸிங்' என்று எழுதினோம். நிலத்துக்காரர் ஒரு கிழவர், தினமும் வந்து வேலியோரம் உட்காருவார். எப்போது உழலாம் என்று கேட்பார். படம் வரைந்தவனே பக்கத்தில் நிற்கிறேன், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காஷ்மீர் சரிவுகளில் மழையும் பனியும் வெடியை இழுத்துக்கொண்டு போய், வைத்த படையின் ஆட்களையே காவு வாங்கியிருக்கிறது. சித்தப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். இரவுக் கேமராவும் உணர்கருவிகளும் வந்த காலத்தில் மாற்று இல்லை என்ற வாதம் தேய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். கையெழுத்துப் போடலாம்.

"இளவரசி டயானாவால்தான் தடை வந்ததாமே?"
*குடியாத்தம்*

1997 ஜனவரியில் அங்கோலாவில் அவர் கவசம் போட்டு நடந்த படம் உலகம் சுற்றியது, உண்மை. ஆனால் ஆறு தன்னார்வ அமைப்புகள் 1992லேயே இயக்கத்தைத் தொடங்கிவிட்டன. அந்த இயக்கமும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸும் 1997 நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இயக்கத்தின் சார்பில் மேடைக்கு வந்தவர்களில் ஒருவர் இரண்டு கால்களையும் இழந்த கம்போடியர் துன் சன்னரெத். எனக்கு அவர் மேடையில் இருக்கும் படம்தான் பிடிக்கும்.

"தம்பிக்கு எல்லையில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒருமுறை செயற்கைக் கால் போட்டால் ஆயுசுக்கும் போதுமா?"
*அரக்கோணம்*

போதாது. பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். எலும்பு வளர்கிற பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. மிச்சக் கால் முதல் சில மாதங்களில் சுருங்கும், அது நுழையும் சாக்கெட் லொடலொடக்கும். அது வழக்கம்தான், தம்பி பயப்பட வேண்டாம். புண் வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முழங்கால் தப்பியது பெரிய விஷயம், நடை சீக்கிரம் பிடிபடும். வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டுமானால் 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் தோதானது.

நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. வேலூர் பாகாயத்தில் 1966இல் திறந்த மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். இன்னொன்று: பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதை நாடுகளின் கடமையாக எழுதி வைத்த முதல் ஆயுத ஒழிப்பு உடன்படிக்கை ஒட்டாவாதான். நாம் அதில் இல்லை என்றாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதன்படி தம்பி கேட்டு வாங்கலாம்.

"பால்டிக் நாடுகள் விலகிவிட்டன. தடை அவ்வளவுதானா?"
*காட்பாடி*

எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் ரஷ்யாவுக்குப் பயந்து 2025இல் விலகல் அறிவிப்பு கொடுத்தன. அறிவிப்பு கொடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் விலகல் செல்லும் என்பது விதி. போரில் இருக்கும் நாடு என்றால் போர் முடிகிறவரை செல்லாது. அடி பலமான அடிதான், மறுக்கவில்லை. ஆனால் 160 நாடுகள் வரை இன்னும் உள்ளே இருக்கின்றன. இருப்பில் இருந்த 5 கோடிக்கும் மேற்பட்ட வெடிகளை அழித்திருக்கிறார்கள். 2023இல் மிதிவெடியாலும் போரில் மிஞ்சிய வெடிபொருளாலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் குறைந்தது 5,757 பேர். நூற்றில் 84 பேர் பொதுமக்கள். பயந்து வைத்த வெடியை அந்த நாடுகளின் பேரப்பிள்ளைகள்தான் தோண்ட வேண்டிவரும்.

"பன்றிக்கு வைத்த நாட்டு வெடியைக் கடித்து என் பசுவின் தாடை போய்விட்டது. இதற்கு ஏதாவது தடை உண்டா?"
*விவசாயி, பேரணாம்பட்டு*

ஒட்டாவாவில் இது வராது ஐயா. ஆனால் 1908 வெடிபொருள் சட்டத்தில் வரும், ஜாமீன் லேசில் கிடைக்காது. 2020இல் பாலக்காட்டுப் பக்கம் சினை யானை ஒன்று இப்படித்தான் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்தது. வைத்தவன் பன்றியை நினைத்தான், வெடிக்கு அது தெரியுமா?

கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் சான்று வாங்கி வையுங்கள். மிச்சம் கிடக்கிறதா என்று நீங்களே வரப்பில் இறங்கித் தேட வேண்டாம், காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ஆள் பிடிபட்டால் ஏன் வைத்தாய் என்பதைப் பிறகு கேட்கட்டும். மொத்தம் எத்தனை வைத்தான், எங்கெங்கே வைத்தான் என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.