பிஎச்டி இருந்தும் இசை சிகிச்சைப் பேராசிரியர் பணிக்கு அழைப்பு வரவில்லை

பிஎச்டியும் வயலின் கற்பித்த அனுபவமும் இருந்தும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசை சிகிச்சைப் பேராசிரியர் பணிக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிஎச்டியில் குறையில்லை. எம்டி-பிசி (அமெரிக்காவில் இசை சிகிச்சையாளருக்கான வாரியச் சான்று) இல்லாததுதான் இடிக்கிறது. வயலின் கற்பித்த அனுபவம் எத்தனை வருடமானாலும் அதற்கு ஈடாகாது. மாணவர்களின் களப்பயிற்சியை மேற்பார்க்க, நோயாளிகளோடு வேலை செய்தவரையே அமெரிக்கத் துறைகள் தேடும்.

நீங்கள் விண்ணப்பித்த விளம்பரங்களைத் திறந்து, 'கட்டாயத் தகுதி' பகுதியைப் பாருங்கள். அங்கே எம்டி-பிசி என்று இருந்தால் முதல் வடிகட்டலிலேயே கழித்திருப்பார்கள்.

இசையில் இளங்கலை முடித்திருப்பதால் இன்னொரு பட்டம் தேவையில்லை, ஈக்விவலன்சி படிப்பு, அதாவது இசைப் பட்டம் உள்ளவர்கள் விடுபட்ட இசை சிகிச்சைப் பாடங்களை மட்டும் படிப்பது, போதும். ஆனால் 1200 மணிநேரக் களப்பயிற்சிக்கு விலக்கில்லை. அதில் குறைந்தது 900 மணிநேரம் இன்டர்ன்ஷிப். பிறகுதான் எம்டி-பிசி தேர்வு. கிட்டார், பியானோ, பாட்டு மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். வயலின் மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது.

இன்னொன்று, சான்று வந்த கையோடு பேராசிரியர் நாற்காலி கிடைக்காது. சில வருடம் முழுநேரச் சிகிச்சை அனுபவமும் பொதுவாகக் கேட்பார்கள்.