நீல உறை வந்தால் ஃப்ராடு கேஸ் என்று அர்த்தமில்லை

நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு வந்து இரண்டு வருடம் ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "மகள் டேகேர் போகிறாள். போன வருடம் அதற்காக அரசிடம் வாங்கிய உதவித்தொகையில் 3,400 யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லி நீல உறையில் கடிதம் வந்திருக்கிறது. இது ஃப்ராடு லிஸ்டில் போட்டதாக இருக்கும் என்கிறார் ஆபீஸில் ஒருவர். பேசாமல் கட்டிவிடட்டுமா அண்ணா?"

தங்கச்சி, வரித்துறைக் கடிதம் வரும் அந்த நீல உறையைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் வயிற்றில் புளி கரைக்கத்தான் செய்யும். ஆனால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு, மோசடி என்று சொல்வது வேறு. உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை.

தூஸ்லாக் என்று மாதாமாதம் வரும் இந்த அரசு உதவித்தொகை வெறும் முன்பணம். இருவரின் வருமானம், டேகேர் மணிநேரம், மணிக்கான கட்டணம் என்று நீங்கள் உத்தேசமாகப் போட்ட கணக்கை நம்பித் தருகிறார்கள். வருடம் முடிந்து வரிக் கணக்கு தீர்ந்த பிறகுதான் நிஜக் கணக்கைப் போடுவார்கள். நடுவில் உங்கள் சம்பளம் ஏறியதாகவும், மகளை நான்கு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்ததாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் டிஜிடி, அதாவது அரசு இணையதளங்களுக்கான லாகின், வழியாக உள்ளே போய் மாற்றவில்லை என்றால் 3,400 ஒன்றும் ஆச்சரியமான தொகை இல்லை.

எனக்கும் நடந்திருக்கிறது. 2017-ல் வந்தவன் நான். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு வரி விலக்குத் தரும் 30 சதவீத ரூலிங் எனக்கு 2022 நடுவில் முடிந்தது. கைக்கு வரும் பணம் குறைந்ததே என்ற கவலையில், கணக்கில் வருமானம் ஏறிவிட்டது மண்டையில் உறைக்கவில்லை. ரூலிங் இருக்கும்வரை வரியில்லாத அந்தப் பகுதி தூஸ்லாக் கணக்கில் சேராது. முடிந்தால் முழுச் சம்பளமும் சேரும், உதவி சதவீதம் இறங்கும். 2,860 யூரோ கேட்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது. வீட்டம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, அது தனிக்கதை.

உங்கள் ஆபீஸ் நண்பர் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 2014-ல் இதே ஐந்தோவனில், வீட்டிலேயே குழந்தை பார்த்துக்கொள்பவர்களை ஏற்பாடு செய்யும் ஒரு ஏஜென்சி மீது சந்தேகம் வந்தது. அதன் வழியாகப் போன சுமார் 300 குடும்பங்களுக்கு, ஒவ்வொருவரையும் தனியாக விசாரிக்காமலேயே உதவியை நிறுத்தினார்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதே கதிதான். கட்டணத்தில் பெற்றோர் தாங்களே கட்டவேண்டிய பங்கில் சின்னத் தொகைக்கு ரசீது காட்ட முடியாதவர்களிடமும் முழு வருடப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வேண்டுமென்றே செய்தவர் என்று முத்திரை விழுந்தால் தவணையும் கிடையாது. அடிபட்டவர்களில் வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் ஏராளம். எல்லாம் அம்பலமாகி 2021 ஜனவரி 15 அன்று அன்றைய பிரதமர் ருட்டேவின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குக் குறைந்தது 30,000 யூரோ இழப்பீடு என்று முடிவானது. ஒரு சின்னக் குறைக்காக முழுத் தொகையையும் பிடுங்கும் வழக்கத்தை நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டவும் வேண்டாம். டேகேரிடம் வருடாந்திரக் கணக்குத்தாளை, அதாவது யார்ஒப்காவவை, வாங்கி அதிலுள்ள மணிநேரத்தையும் கடிதத்தில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு மாதம் 230 மணிநேரம்தான் உச்சம். மணிக்கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது, 2025-ல் டேகேருக்கு 10.71 யூரோ, அதற்கு மேல் டேகேர் வாங்கினால் அது உங்கள் கைக்காசு. கணக்கு இடித்தால் கடிதத் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெஸ்வார், அதாவது ஆட்சேப மனு, போடுங்கள், பணம் கட்டுவதைத் தள்ளிவைக்கவும் அப்போதே கேளுங்கள். சரியாக இருந்தால் கடன் வாங்கி மொத்தமாகக் கட்டத் தேவையில்லை, 24 மாதத் தவணை உண்டு. டச்சுக் கடிதம் புரியவில்லையென்றால் யூரிடிஷ் லோகெட் என்ற சட்ட உதவி மையத்தில் பொதுவான விளக்கத்தை இலவசமாகச் சொல்வார்கள். கடிதத்தில் "பூத" (boete) என்ற சொல், அதாவது அபராதம், இருந்தால் மட்டும் நீங்களாக எதுவும் பதில் எழுதாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

நிஜமாகவே மாட்டிவிடக்கூடிய வேலைகள் வேறு. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்த அம்மாவைக் குழந்தை பார்ப்பவராகக் காட்டலாம் என்று பார்ட்டியில் ஒருவர் யோசனை சொல்வார். "உங்கள் டிஜிடியைக் கொடுங்கள், நானே போட்டுவிடுகிறேன்" என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேரிடமும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். டேகேருக்குக் கட்டுவதெல்லாம் வங்கி வழியாகவே போகட்டும், ரொக்கம் வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரருக்கு ரூலிங் இன்னும் மூன்று வருடம் இருக்கும் இல்லையா? அது முடியும் மாதத்தை இப்போதே காலண்டரில் குறித்துவைத்து விடுங்கள்.