ஒற்றைக் கை வெட்டு: மேல்பாதி ஏன் சரிகிறது?

கேள்வி: காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். சீட்டுக்கட்டை ஒரே கையால் இரண்டாகப் பிரித்து, அடிப்பாதியை மேலே மாற்றி வெட்டும் 'சார்லியர் கட்' பழகுகிறேன். அடிப்பாதியை மேலே தள்ளும்போது மேல்பாதி சரிந்து, ஆத்தங்குடிக் கல் தரை முழுக்கச் சீட்டாகிவிடுகிறது. என் கை சிறியது, வியர்க்கவும் செய்யும். விலை கூடிய கட்டு வாங்கினால் சரியாகுமா? ஐயா வேறு, சூதாடப் பழகுகிறேன் என்று சத்தம் போடுகிறார்.

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கட்டை உள்ளங்கையில் படுக்க வைத்துப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரம்மிக்குச் சீட்டுப் போடும்போது பிடிக்கிற பிடி அது. இந்த வெட்டுக்கு ஆகாது.

கட்டு விரல் நுனிகளில் நிற்க வேண்டும். ஒரு நீள விளிம்பில் கட்டைவிரல், எதிர் விளிம்பில் நடுவிரலும் மோதிரவிரலும், உங்களைப் பார்த்த குட்டை விளிம்பில் சுண்டுவிரல். ஆள்காட்டி விரல் அடியில் சும்மா மடங்கியிருக்கட்டும். கட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்; அடிப்பாதி விழப்போவது அங்கேதான்.

கட்டைவிரலை லேசாகத் தளர்த்துங்கள். அடிப்பாதியின் கட்டைவிரல் பக்கம் மட்டும் உள்ளங்கைக்குள் விழும். மறுபக்கம் கீல் போட்ட கதவு மாதிரி விரல்களிலேயே நிற்கும். அதை ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் பக்கம் தள்ளினால், செங்குத்தாக எழுந்து மேல்பாதியின் விளிம்பைத் தாண்டும். தாண்டிய பிறகுதான் கட்டைவிரல் மேல்பாதியை விட வேண்டும். முன்கூட்டியே விட்டால் சரியும். நடுவிரலும் மோதிரவிரலும் இறுகிப் பிடித்திருந்தால் மேல்பாதிக்கு ஒதுங்க இடமில்லாமல் அப்போதும் சரியும். அந்த இரண்டும் கொஞ்சம் விரிந்து கொடுக்கட்டும், சுண்டுவிரல் மட்டும் அசையவே கூடாது. மேல்பாதி கீழே இறங்கியதும் ஆள்காட்டி விரலை மெதுவாக உருவுங்கள். நின்ற பாதி அதன் மேல் மூடிக்கொள்ளும்.

முதலில் 52 சீட்டையும் எடுக்காதீர்கள். முப்பது போதும். அதிலும் அடியில் விழுவது பாதிக்குக் குறைவாக இருந்தால் தூக்கிவிட லேசு.

கை சிறியது என்றீர்களே, அதற்குச் சீட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும். போக்கர் அளவுச் சீட்டு சுமார் 63 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு 57 மி.மீ.; நீளம் இரண்டுக்கும் 88தான். அடிப்பாதி எழுந்து நிற்கத் தேவைப்படும் உயரமே அந்த அகலம்தான் என்பதால், 6 மி.மீ. குறைவது சிறிய கைக்குப் பெரிய உதவி. வீட்டிலிருக்கும் கட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பின்னால் வாங்குவதானால் பிரிட்ஜ் அளவாகக் கேளுங்கள்.

வியர்வைக்கு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே போதும். முகப்பவுடர் மட்டும் போடாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து சீட்டில் அப்பிக்கொள்ளும். வித்தைக்காரர்கள் விசிறி விரிப்பதற்காகச் சீட்டில் தேய்க்கும் துத்தநாக ஸ்டியரேட் தூளும் வேண்டாம். உங்களுக்கு இப்போது வழுக்கல் ஆகாது. முழு பிளாஸ்டிக் சீட்டு வியர்வையைத் தாங்கும், ஆனால் பழகுகிறவர் கையில் நிற்காது. கல் தரையில் விழுந்தால் காகிதச் சீட்டின் மூலை மழுங்கும். ஒரு ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

இது கைவந்ததும் மற்றக் கையில் பழகுங்கள், அப்புறம் சிசர் கட் என்ற இன்னொரு ஒற்றைக் கை வெட்டு. வீடியோக்களில் மயக்கும் சிபில் என்ற வெட்டு இரண்டு கை வேலை, அவசரமில்லை.

ஐயாவின் சந்தேகம் வெறும் பிடிவாதமில்லை. 19ஆம் நூற்றாண்டுச் சீட்டு வித்தைக்காரர் சார்லியரின் பெயரில் வழங்கும் இந்த அசைவு, வெட்டிய கட்டை யாரும் பார்க்காமல் பழைய வரிசைக்கே திருப்பவும் பயன்பட்டது. இஸ்பேடு ஆஸை மேலே வைத்து வெட்டுங்கள். பிரிந்த இடத்தைச் சுண்டுவிரலால் பிடித்து வைத்து அங்கேயே மறுபடி வெட்டினால், ஆஸ் திரும்ப மேலே வந்து நிற்கும். அதனால் கல்யாண வீட்டுப் பட்டாலையில் காசு வைத்து ரம்மி ஓடும்போது இந்த வெட்டு வேண்டாம். கட்டைக் கீழே வைத்து எல்லோருக்கும் தெரிய வெட்டுங்கள். இதை ஐயாவிடமே செய்து காட்டலாம். சீட்டாடிப் பழகியவரென்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு உங்களைக் கட்டைத் தொடவிடுவாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.